ஆர்மிந்தோவுக்குப் போட்ட ஞாயிறு

சென்ற வாரம் சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். லாங்கன்தால் நகரத்துக்குப் பக்கத்தில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் அவள் இன்னும் வேலை செய்கிறாள்.

"அண்ணை, இனிச் சுவரில பிளான் தொங்காது. எல்லாம் போனிலதான் வருமாம். ஆருக்கு எப்ப வேலை எண்டு மிசினே போடுதாம். இனி ஆரும் ஆரோடையும் கோவிக்கத் தேவையில்லை."

"மிசினுக்கு வயித்தெரிச்சல் இல்லைத்தானே" என்றேன்.

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. அந்தச் சுவரில் தொங்கிய ஒரு பிளானில் என் வயிற்றெரிச்சலை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்றவன் எதையாவது எழுதி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெருமைப்படக்கூடியதாக எதிர்பார்க்கிறார்கள்போல. எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

அகதி விண்ணப்பம், ஓட்டல் சமையலறையில் கோப்பை கழுவிய நாலு வருடம், ஜெர்மன் வகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அந்தக் கதை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. சலவைத் தொழிற்சாலைக்குள் போனபோது எனக்கு முப்பத்தேழு வயது. வைத்தியசாலைகளினதும் முதியோர் இல்லங்களினதும் படுக்கை விரிப்புகள், அறுவைச் சிகிச்சை உடுப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். கட்டடத்தின் நடுவே ஒரு சுவர். அழுக்குத் துணி ஒரு பக்கத்தால் இயந்திரத்துக்குள் போய், வெளுத்த துணியாக மறுபக்கத்தால் வரும். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர் குளித்து உடை மாற்றாமல் மறுபக்கம் வரக்கூடாது. முதல் ஏழு வருடம் நான் அழுக்குப் பக்கம் நின்றேன்.

எங்களுக்கு மேலதிகாரி ஃபிராவ் எக்கர், அதாவது திருமதி எக்கர். உயரமான, மெலிந்த பெண். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் கோடு போடுகிற ஒரு பிளாஸ்டிக் அடிமட்டம் இருக்கும். மாதப் பிளானைக் கொண்டுபோய் மேசையில் விரித்தால், அடிமட்டத்தை முதல் பெயரின் கீழே வைத்து, ஒவ்வொரு நாளாகப் பார்த்து, அடுத்த பெயருக்கு இறக்குவார். பிழை என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. பிழை உள்ள இடத்தில் அடிமட்டம் நின்றுவிடும். நாம் கண்டுபிடிக்கும் மட்டும் அவரும் பேசாமல் இருப்பார்.

ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்த இத்தாலிக்காரர் ஓய்வு பெற்ற வருடம்தான் நான் சொல்ல வந்த வருடம். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். மற்றவன் ஆர்மிந்தோ, போர்த்துக்கலின் வடக்கே ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவன், என்னைவிட ஒரு வயது கூட. ஃபிராவ் எக்கர் எங்களைக் கூப்பிட்டு, "ஒரு மாதம் ஹெர் சிவா பிளான் எழுதுங்கள், ஒரு மாதம் ஆர்மிந்தோ எழுதட்டும். கோடை தொடங்க முன்னம் நான் முடிவெடுப்பேன்" என்றார்.

பாருங்கள், எனக்கு 'ஹெர் சிவா', திரு சிவா. அவனுக்கு வெறும் 'ஆர்மிந்தோ'. மரியாதை எனக்கு, நெருக்கம் அவனுக்கு. அன்றைக்கே எனக்குள் பற்றிக்கொண்டது.

அந்த நெருக்கத்துக்குக் காரணம் உதைபந்தாட்டம். போர்த்துக்கலின் முதற்தரச் சுற்றுப்போட்டி ஓகஸ்ட்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். பதினெட்டு அணிகள், முப்பத்துநாலு சுற்று, கடைசி இரண்டு அணிகளும் அடுத்த தரத்துக்கு இறக்கப்படும். இதெல்லாம் நான் விரும்பிப் படித்ததல்ல. திங்கட்கிழமை ஒன்பது மணி இடைவேளையில் என் காதுக்குள் திணிக்கப்பட்டது. எனக்கு உதைபந்து பிடிக்காது, நான் ஊரில் கரப்பந்தாட்டக்காரன். ஆனால் அந்த வருடம் ஆர்மிந்தோவின் ஊர் அணி பல காலத்துக்குப் பிறகு முதற்தரத்துக்கு ஏறியிருந்தது. மஞ்சள் சட்டை அணி. அதில் இடது பின்வரிசையில் ஆடியவன் அவனுடைய அக்காவின் மகன்.

சொந்த மருமகன் தொலைக்காட்சியில் ஓடுகிறான் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? திங்கள்தோறும் ஆர்மிந்தோ மேசையில் சீனிப் பைகளை அடுக்கி, இது கோல் காப்பாளர், இது மருமகன், இது லிஸ்பன்காரன் என்று நகர்த்திக் காட்டுவான். நாங்கள் எல்லோரும் கதைத்தது உடைந்த ஜெர்மன்தான். இங்கே எங்கள் பேச்சுப்போல எழுதுகிறேன்.

"இஞ்ச பார், இவன் இதால வாறான். மருமகன் விடுவானே? காலை நீட்டினான் பார்!"

மற்றைய நாட்களில் தன் அறையிலேயே கோப்பி குடிக்கும் ஃபிராவ் எக்கர், திங்களில் மட்டும் கோப்பையோடு வந்து நின்று கேட்பார். தோற்ற வாரம் அவன் தோளில் தட்டுவார். பதினாறு வருடத்தில் என் தோளில் தட்டியதில்லை. என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "ஹெர் சிவா, இரண்டாம் மாடி விரிப்புகள் தயாரா?" தயாராகத்தான் இருக்கும். நான் பார்க்கும் இடத்தில் எதுவும் பிந்தியதில்லை. அதைச் சீனிப் பையால் விளங்கப்படுத்த முடியாதே.

உண்மையைச் சொன்னால், அடிமனதில் எரிந்தது வேறு. வாராவாரம் தன் ஊரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவதற்கு அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி போதுமாக இருந்தது. ஓகஸ்ட்டில் காரில் பெட்டிகளைக் கட்டி ஒரே ஓட்டத்தில் ஊர் போய் இறங்குவான். நான் ஊர்ச் செய்தி பார்க்கும்போது என் மனைவி ரஞ்சி சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவாள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று. இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தின் முன்னால் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து நின்றோம். ஆனால் அவன் வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்தவன். நான் வேறு வகை. நானூறு வருடத்துக்கு முந்தி இவனுடைய ஆட்கள் நல்லூரில் கோயிலை இடித்ததைக்கூட ஞாபகப்படுத்தி என் கோபத்துக்கு நியாயம் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சி கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, அந்தாள் சிரிச்சாலும் உங்களுக்கு எரியுது, இருமினாலும் எரியுது. அந்தாள் உங்களுக்கு என்ன செய்தவர்?"

ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை. ஏப்ரல் பிளான் அவன் எழுதியது. சுவரில் பார்த்தால், சித்திரை வருடப்பிறப்பு அன்று என் பெயருக்கு நேரே விடுமுறை. நான் கேட்கவில்லை. கேட்டால் பிளானுக்குச் சிரமம் கொடுக்கிறவன் என்று பெயர் வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் சுகந்தியிடம் விசாரித்திருக்கிறான், உங்களுடைய பெருநாள் எப்போது என்று. அன்று குடும்பத்தோடு திரிம்பாக் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும், இவன் ஏன் எனக்கு நல்லது செய்கிறான், எக்கருக்குக் காட்டத்தானே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சோறு ருசிக்கவில்லை.

அடுத்த மூன்றாம் நாள் மே மாதப் பிளானை எழுத உட்கார்ந்தேன்.

பிளான் எழுதுவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. இடது பக்கம் பெயர்கள், மேலே நாட்கள். முதலில் பென்சிலால் ஞாயிறுகளை நிரப்புவேன். அவசர அறுவைச் சிகிச்சை உடுப்புகளுக்காக ஞாயிறு பகல் பன்னிரண்டிலிருந்து எட்டு மணி வரை அனுபவமுள்ள ஒருவர் நிற்க வேண்டும். அந்த வேலை நான், ஆர்மிந்தோ, சுகந்தி என்று சுழன்று வரும். ஞாயிறு நிற்பவருக்கு முதல்நாள் சனி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகுதான் காலை, மாலை ஷிஃப்டுகள். எல்லாம் சரி வந்த பிறகு மையால் எழுதி, ஏப்ரல் மூன்றாம் வியாழன் சுவரில் ஏற்ற வேண்டும்.

ஆர்மிந்தோவின் அலமாரிக் கதவின் உட்புறம் சுற்றுப்போட்டி அட்டவணை ஒட்டியிருக்கும். அவன் உடை மாற்றும்போது கதவு திறந்தே கிடக்கும். முப்பத்துநாலாம் சுற்று, கடைசிச் சுற்று, அவனுடைய ஊர் மைதானத்தில், லிஸ்பனிலிருந்து வரும் பெரிய அணியோடு. திகதியைப் பார்த்தேன். மே மாதத்து ஞாயிறு ஒன்று. இயேசுவின் விண்ணேற்ற விடுமுறை வாரத்தின் ஞாயிறு. அந்த வாரம் துணி குவியும் என்பதால் ஆள் மாற்றம் கிடையாது, பெயர் ஏறினால் ஏறினதுதான். மஞ்சள் சட்டை அணி அந்த நேரம் கடைசியிலிருந்து மூன்றாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தப்புமா, கீழே போகுமா என்பது கடைசி ஆட்டத்தில்தான் தெரியும் என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சுழற்சியின்படி அந்த ஞாயிறு என்னுடையது. பென்சிலால் என் பெயருக்கு நேரே குறித்தும் இருந்தேன். அழித்துவிட்டு அவனுக்குப் போட்டேன்.

அழித்த தூளை ஊதிவிட்டு, மையாலும் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வியாழன் காலை ஃபிராவ் எக்கரின் மேசையில் விரித்தேன். அடிமட்டம் இறங்கி வந்தது. ஆர்மிந்தோவின் வரியில், அந்த ஞாயிறில் நின்றது. சுழற்சி அவருக்கும் மனப்பாடம். நான் காத்திருந்தேன், அவரும் காத்திருந்தார். என் நாக்கு தானாகப் புரண்டது.

"ஆர்மிந்தோ அந்தச் சனிக்கிழமை ஓய்வு கேட்டவர். சனி ஓய்வு கொடுத்தால் ஞாயிறு அவருக்குத்தானே வர வேணும். நான் மாறிக்கொண்டேன்."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இஷ் குவெற்" என்று சொல்லிவிட்டு அடிமட்டத்தைப் பைக்குள் வைத்தார். சரி என்று அர்த்தம்.

பிளான் ஏறியதும் ஆர்மிந்தோ அதற்கு முன்னால் வந்து நின்றான். விரலை வைத்து ஞாயிறைத் தேடினான். விரல் அங்கேயே நின்றது. நான் மடித்த விரிப்புகளை எண்ணுவதுபோல் நடித்தேன். அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுத்த இரண்டு திங்களும் சீனிப் பைகள் கிண்ணத்திலேயே கிடந்தன. ஃபிராவ் எக்கரும் வரவில்லை. எனக்கு நல்ல நித்திரை வந்தது. ரஞ்சிகூட, "என்ன, இப்ப சாப்பாடு இறங்குது?" என்று கேட்டாள்.

மே மாதம் பிறந்த முதல் வாரம். ஒன்பது மணி இடைவேளை. கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்மிந்தோ ஓடி வந்தான். வந்த வேகத்தில் என்னை இடுப்போடு பிடித்துத் தூக்கினான். என் கோப்பி சிந்தியது.

"சிவா! நீ மனிசனே, சாத்திரியே? சனிக்கிழமை! ஆட்டம் சனிக்கிழமை ஆறு மணிக்கு! இண்டைக்குத்தான் அறிவிச்சவை. உனக்கு எப்பிடியடா தெரியும்?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அந்த நாட்டு அட்டவணையில் ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களுக்கும் முதலில் ஞாயிறு என்றுதான் போட்டு வைப்பார்களாம். உண்மையில் எது வெள்ளி, எது சனி, எது திங்கள் என்பதைச் சில வாரங்களுக்கு முன்தான் முடிவு செய்வார்களாம். உதைபந்து பார்க்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பார்க்காத எனக்குத் தெரியாது. நான் அவனுக்குக் கெடுதல் என்று போட்ட ஞாயிறு, விதிப்படி அவனுக்குச் சனியைத் திறந்துவிட்டிருந்தது.

அவன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். "எல்லாரும் கேளுங்கோ! இந்த மனிசன் தன்ர ஞாயிறை எனக்குத் தந்து, என்ர சனியைக் காப்பாத்தினவர். மறக்கவே மாட்டன்!"

கை தட்டினார்கள். சுகந்தி, "அண்ணை, நீங்கள் பாத்தா ஒண்டும் தெரியாத ஆள்மாதிரி" என்றாள். ஃபிராவ் எக்கர் வாசலில் நின்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வருசப்பிறப்புக்கு நீ எனக்குச் செய்தாய்தானே" என்றேன். அவ்வளவு லேசாக வந்தது.

சனிக்கிழமை என்னைப் போர்த்துக்கேயர் சங்க மண்டபத்துக்கு இழுத்துப்போனான். மறுக்க முடியவில்லை. மஞ்சள் சால்வை ஒன்றைக் கழுத்தில் போட்டு, திரைக்கு நேர் முன்னால் உட்கார்த்தி வைத்து, கருவாட்டு உருண்டையும் முட்டைப் பாகு வைத்த குட்டி இனிப்பும் தட்டில் குவித்தார்கள். யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள், சனியைக் காப்பாற்றியவர் என்று. நான் உள்ளுக்குள் அந்த அணி தோற்க வேண்டும் என்று இருந்தேன். திரிம்பாக்கில் நேர்த்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரு புள்ளி போதும். சமன் செய்தால் தப்பலாம். இடைவேளைக்கு முன்னமே லிஸ்பன்காரன் ஒரு கோல் போட்டான். மண்டபம் செத்த வீடுபோல ஆனது. எனக்கு இனிப்பு நன்றாக இறங்கியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது மூலையிலிருந்து ஒரு பொடியன் பந்தை உயர்த்தி அடித்தான், யாரோ தலையால் முட்டினார்கள், வலை அசைந்தது. அந்தப் பொடியன்தான் மருமகன். கதிரைகள் விழுந்தன. ஆர்மிந்தோ என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் கொஞ்சினான். அவன் கண்ணீர் என் கன்னத்தில் பட்டது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்படி அழுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அடுத்த புதன் ஃபிராவ் எக்கர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பிளான் இல்லை.

"ஆர்மிந்தோ வந்து என்னோடு கதைத்தார். அந்த இடத்தை உங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஹெர் சிவா. நீங்கள் வேலையில் சரியானவர் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஆட்களையும் பார்க்கிறவர் என்று இப்போதுதான் தெரிந்தது."

எழுந்து என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்கு எத்தனை வருடம் காத்திருந்தேன்! உடம்பு கூசியது.

பதினொரு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். வெட்கம் என்னைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு பருவமும் நானே அந்த நாட்டு அட்டவணையைத் தேடி எடுத்தேன். சனி, ஞாயிறு, திங்களுக்குப் போர்த்துக்கேயச் சொற்களைப் பாடமாக்கினேன். நாள் மாறினால் அவனுக்கு முன்னம் எனக்குத் தெரியும். மஞ்சள் சட்டை ஆடும் நாளில் ஆர்மிந்தோவின் பெயர் ஒருமுறையும் பிளானில் ஏறவில்லை. ஓகஸ்ட்டில் நாலு வாரமும் அவனுக்கு விடுமுறை. ஆள் போதாத ஓகஸ்ட்டில் பொறுப்பாளர் நகர முடியாது என்பதால் நான் நின்றேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரஞ்சி கடலுக்குப் போய் வந்து படம் காட்டுவாள்.

ஆர்மிந்தோ ஓய்வு பெற்று ஒரேயடியாக ஊர் போகிற நாள் வந்தது. தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் கார் நின்றது. கூரையில் பெட்டிகளைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். நான் மறுபக்கத்தால் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை.

"ஆர்மிந்தோ, அந்த ஞாயிறு... உனக்கு நல்லது நினைச்சுப் போடேல்லை. ஆட்டம் ஞாயிறு எண்டு நினைச்சுத்தான் போட்டனான். நீ பாக்கக்கூடாது எண்டு."

"தெரியும்" என்றான், முடிச்சைப் போட்டபடி.

"என்ன தெரியும்?"

"அந்த ஞாயிறு உன்ர முறை. எனக்கு எண்ணத் தெரியாதே? பிளான் ஏறின அண்டே எக்கர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ, சனி ஓய்வு கேட்டனியோ எண்டு. ஓம், கேட்டனான் எண்டு சொன்னன்."

கயிறு என் கையில் தளர்ந்தது. "ஏன்?"

"இல்லையெண்டு சொன்னா உன்னைத் தள்ளிப்போட்டு அந்த இடத்தை எனக்குத் தந்திருப்பா. பொறுப்பாளருக்கு ஓகஸ்ட்டில லீவு இல்லை. அந்த இத்தாலிக்காரன் பதினைஞ்சு வருசம் ஓகஸ்ட்டில கடல் காணேல்லை. எனக்கு அந்த இடம் வேண்டாம். ஆனா உன்னைத் தள்ளின பிறகு நானும் வேண்டாம் எண்டு சொன்னா வெளியில இருந்து ஒருத்தனைக் கொண்டு வருவா. அவனுக்கு என்ர ஆட்டத்தைப் பற்றி என்ன கவலை?" கயிற்றை என் கையிலிருந்து வாங்கி இறுக்கினான். "சனிக்கிழமை எண்டு அறிவிச்ச உடனை, நீ பின்வாங்க ஏலாதபடி எல்லாருக்கும் முன்னாலை கத்திச் சொன்னன். நீ வெட்கப்படுற ஆள், சிவா. வெட்கப்படுறவன் பிளான் எழுதினா ஆட்டம் உள்ள ஞாயிறு எனக்கு வராது எண்டு தெரியும். வந்ததே?"

என்னைக் கட்டிப்பிடித்தான். உண்மையான அன்போடுதான். கையசைத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து ரஞ்சியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டு முடித்து, கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப இந்தப் பதினொரு வருசமும் அங்க ஆர் பொறுப்பாளர்?"